ஏர்பிரஷ் வாங்கறதுக்கு முன்னாடி

பகல்ல ஸ்டெதஸ்கோப், ராத்திரி பிளாஸ்டிக் விமானம். இதுதான் காஞ்சிபுரத்தில் என் பிழைப்பு. அதனால டிஎம்ல அடிக்கடி வர்ற கேள்வி: "டாக்டர், முதல் ஏர்பிரஷ் எது வாங்கலாம்?" மாடல் கட்டறவங்க மட்டும் இல்ல, பழைய கொலு பொம்மைக்கு மறுபடி வண்ணம் அடிக்க நினைக்கிறவங்களும் கேக்கறாங்க. பொம்மைக்காரத் தெரு இருக்கிற ஊராச்சே.

முதல்ல நேரடி பதில். சிங்கிள் ஆக்‌ஷன்ல பட்டனை அமுக்கினா காத்தும் பெயின்ட்டும் சேர்ந்து வரும். எவ்வளவு பெயின்ட்னு முன்னாடியே திருகி வெச்சுக்கணும். டபுள் ஆக்‌ஷன்ல அமுக்கினா காத்து, பின்னால இழுத்தா பெயின்ட். கை பழக சில வாரம் ஆகும். ஒரே நிறத்தை சீரா அடிக்க சிங்கிள் போதும். 1/72 அளவு நாட் விமானம் முழுசும் 12 செ.மீ.தான், அதுல கேமஃப்ளாஜ் போடணும்னா டபுள், 0.3 மி.மீ. ஊசி.

ஆனா நான் பார்க்கச் சொல்றது வேற ஒண்ணு. பெயின்ட் கப் மேல இருக்கா, பாட்டில் கீழ தொங்குதா? கீழ இருந்தா பெயின்ட்டை உறிஞ்சி மேலே இழுக்க அழுத்தம் கூட்டணும். அழுத்தம் கூடினா புகை மாதிரி பறக்கிற பெயின்ட்டும் கூடும். மேல் கப் உள்ளதுல அக்ரிலிக்கை 15 பிஎஸ்ஐ பக்கத்துல வெச்சே அடிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்துல கம்ப்ரஸர் தண்ணி துப்பும், மாய்ஸ்சர் ட்ராப் ஒண்ணு மாட்டிக்குங்க.

அந்தப் புகைதான் விஷயம். 5 மைக்ரானுக்குக் கீழே உள்ள துளிகள் மூக்குலயும் தொண்டையிலயும் சிக்காம நுரையீரலோட கடைசி காற்றறை வரைக்கும் போயிடும்.

ஸ்பெயின்ல அல்கோய்னு ஒரு ஊர், நம்ம ஊர் மாதிரியே துணிக்குப் பேர்போனது. 1992-ல் அந்தப் பக்கம் ஏர்பிரஷ் முறையில் துணிக்கு டிசைன் அடிச்ச தொழிலாளர்களுக்கு நுரையீரல் கெட்டது. 6 பேர் இறந்தாங்க. பெரும்பாலும் இளம் பெண்கள். ஒரு தொழிற்சாலையோட பேரால அதை 'ஆர்டிஸ்டில் சிண்ட்ரோம்'னு மருத்துவ நூல்கள் சொல்லுது. அவங்க பயன்படுத்தின சாயம் வாய்வழியாவோ தோல்வழியாவோ பெரிய ஆபத்தா தெரியல. பனித்துளியா மாத்தி மூச்சுல இழுத்தபோதுதான் கொன்னது. டப்பாவுல "நச்சற்றது"ன்னு போட்டிருந்தா, அது பிரஷ்ல பூசறவங்களுக்கான உறுதிமொழின்னு எடுத்துக்குங்க.

என்கிட்ட பொம்மைக்கு ஸ்ப்ரே அடிக்கிற ஒருத்தர் வர்றார். ஆடி முடிஞ்சு ஆர்டர் குவியும்போது இருமல் ஆரம்பிக்கும். லீவு நாள்ல குறையும், வேலைக்குப் போனா திரும்பும். ஆஸ்துமான்னு இன்ஹேலர் கொடுத்தா மட்டும் போதாது, என்ன வேலைன்னு டாக்டர் கேட்டே ஆகணும். கேக்கலைன்னா நீங்களே சொல்லிடுங்க. அவர் மூக்குல கட்டறது ஈரத்துண்டு. துண்டு பெரிய தூசியைத்தான் நிறுத்தும்.

என்95 துளியை நிறுத்தும், தின்னர் ஆவியை நிறுத்தாது. தின்னர் கலந்த பெயின்ட்னா ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள அரை முக மாஸ்க் வேணும். ஹார்டனர் கலக்கிற கார் பெயின்ட் வீட்ல வேண்டவே வேண்டாம். அதுல ஐசோசயனேட் இருக்கு; ஒருமுறை உடம்பு அதுக்கு எதிரியாயிட்டா, அப்புறம் துளியூண்டு பட்டாலும் மூச்சு திணறும். பெரிய பிராண்ட் துப்பாக்கிக்கு எடுத்து வெச்ச காசுல பாதியை மாஸ்க்குக்கும், ஜன்னல் வழியா காத்தை வெளியே தள்ளற ஃபேனுக்கும் போடுங்க. அட்டைப்பெட்டி பூத் போதும், அழகு பார்க்க யாரும் வரப்போறதில்ல. தின்னர் பக்கத்துல மட்டும் சாமி விளக்கு எரியக் கூடாது.

இன்னொண்ணு. பெயின்ட் அடிச்சு முடிச்சதும் மாஸ்கைக் கழட்டிட்டு கன்னைக் கழுவ உட்கார்றாங்க. தின்னரையே ஊத்தி ஊதிக் கழுவற அந்த அஞ்சு நிமிஷத்துலதான் ஆவி அதிகம். கழுவி முடிச்சு, கப்பைத் துடைச்சு, துணியை வெளியே போட்டுட்டு அப்புறமா கழட்டுங்க.