ஒரு புள்ளி, ஒரு கமா

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 95 என்பதற்குப் பிரெஞ்சில் தனிப் பெயர் கிடையாது. 'கத்ர் வேன் கேன்ஸ்' என்பார்கள். நாலு இருபது, பதினைந்து என்று பொருள். எண்ணைச் சொல்வதற்கே ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் வேண்டும். வீட்டுக்கு வந்தால் அம்மா கால், அரைக்கால், வீசம் என்று வேறொரு கணக்கில் இருப்பார். இரண்டுக்கும் நடுவில் வளர்ந்ததால் கணக்கில் எனக்குப் பயம் இருந்ததில்லை. கொஞ்சம் கர்வமே இருந்தது.

பிரெஞ்சு முறையில் தசமத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, கமாதான். இரண்டரையை 2,5 என்று எழுதுவோம். அந்தக் கமாவுக்கு 'விர்கூல்' என்று பெயர். அது கையில் ஊறிப்போன பழக்கம்.

1970களில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். சேர்ந்த புதிதில் பினாயில் வாங்க இண்டென்ட் எழுதச் சொன்னார்கள். மாதம் இரண்டரை லிட்டர், ஐந்து மாதத்துக்குப் பன்னிரண்டரை லிட்டர். மில்லி லிட்டர் வரை சுத்தமாகக் காட்டுவோமே என்று 12,500 லிட்டர் என்று எழுதி நீட்டினேன். கண்காணிப்பாளர் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, ஆபீசைக் கழுவப் போறோமா, இல்லை கடலையே கழுவப் போறோமா?"

அறை முழுக்கச் சிரிப்பு. அவர் மட்டும் சிரிக்கவில்லை. பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "கணக்குப் போடறதுக்கு முன்னாடி விடை எவ்வளவு வரும்னு உத்தேசமா ஒண்ணு மனசுல வெச்சுக்குங்க. விடை அதுக்குப் பக்கத்துல வரலேன்னா பேனாவை மூடாதீங்க."

மைனஸையும் அவரிடம்தான் புரிந்துகொண்டேன். மைனஸை மைனஸால் பெருக்கினால் ப்ளஸ் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தேன். ஏன் என்று கேட்டதில்லை. ஒரு பியூன் சம்பளத்தில் மாதம் 15 ரூபாய் தவறாகப் பிடித்துவிட்டோம். ஆறு மாதம் கழித்து, அந்தப் பிடித்தத்தை நீக்கும்படி உத்தரவு வந்தது. கண்காணிப்பாளர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். பிடித்தம் என்பது −15. ஆறு பிடித்தத்தை எடுத்துவிடுவது −6. இரண்டையும் பெருக்கினால் +90. அந்தத் தொண்ணூறு ரூபாயை வாங்கிக்கொண்டு பியூன் கையெடுத்துக் கும்பிட்டபோதுதான் அந்த ப்ளஸ் எனக்கு விளங்கியது. கழித்ததை எடுத்துவிட்டால் வரவு, அவ்வளவுதான்.

இத்தனையும் கற்று, முப்பது வருஷத்துக்கு மேல் பில் பார்த்து ஓய்வு பெற்றவன், வீட்டில் தவறினேன்.

என் மனைவிக்குச் சர்க்கரை நோய். காலையில் 20 யூனிட் இன்சுலின் நான்தான் போடுவேன். ஒருமுறை சிரிஞ்சு தீர்ந்துபோய், கடையில் 'இன்சுலின் சிரிஞ்சு' என்று மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். வழக்கமாகச் சிவப்பு மூடி, இது ஆரஞ்சு மூடி. அதை நான் பொருட்படுத்தவில்லை. 20 என்ற கோடு வரை இழுத்துப் போட்டேன்.

ஐந்தாம் நாள் சர்க்கரை 300ஐத் தாண்டியது. "பேத்தி பிறந்த நாளில் கேக் தின்றாய்தானே?" என்று கத்தினேன்.

"சத்தியமா இல்லீங்க" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. அன்று ராத்திரி மூன்று இட்லி சாப்பிடுகிறவள் ஒன்றோடு எழுந்துவிட்டாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து புட்டியையும் சிரிஞ்சையும் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். புட்டியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்று இருந்தது. பழைய சிரிஞ்சில் ஒரு மில்லிக்கு 40 கோடு. புதியதில் 100 கோடு.

வேண்டியது 20 யூனிட். இருபதை நாற்பதால் வகுத்தால் 0.5 மில்லி. புதிய சிரிஞ்சில் 20ஆம் கோடு என்பது 0.2 மில்லிதான். அதை நாற்பதால் பெருக்கினால் 8 யூனிட். ஐந்து நாளாக இருபதுக்குப் பதில் எட்டு!

அரை மில்லி என்றால் மருந்து சிரிஞ்சில் பாதி வரை ஏற வேண்டும். ஐந்தில் ஒரு பங்குதான் ஏறியது. தினமும் அதைக் கண்ணால் பார்த்தும் மனதில் வாங்கவில்லை. கண்காணிப்பாளர் சொன்ன உத்தேசத்தை வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். கணக்கை இவள் மேல் எழுதிவிட்டேன்.

விடிந்ததும் மருத்துவரிடம் போனோம். இது குறைவாகப் போனதால் பிழைத்தீர்கள் என்றார். 100 யூனிட் மருந்தை 40 கோடு சிரிஞ்சில் 20 வரை இழுத்திருந்தால் 50 யூனிட் போயிருக்கும், சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார்.

வெளியே வந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "கணக்குல உங்களுக்கும் தப்பு வருமா?" என்றாள். அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் இன்சுலின் போடுகிறவர்கள் இருந்தால் புட்டியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று இன்றே பாருங்கள். வேறாக இருந்தால் நீங்களாகக் கணக்குப் போட்டுச் சமாளிக்க வேண்டாம், சரியான சிரிஞ்சை வாங்குங்கள். எங்கள் வீட்டில் இப்போது ஊசி போடும் முன் அவள் குரல் கொடுப்பாள்: "புட்டியில நாற்பது, சிரிஞ்சுல நாற்பது." நான் "சரி" என்று சொன்ன பிறகுதான் கையை நீட்டுவாள்.