ரைட்டர்கள் வெளியேறிய பிறகு

தமிழ்நாட்டுப் போலீஸ் ஸ்டேஷன்களில் 'ரைட்டர்' என்றால் கேஸ் கட்டு எழுதுகிறவர். கொல்கத்தாவின் ரைட்டர்ஸ் பில்டிங்குக்குப் பெயர் தந்தவர்களும் அந்த ரகம்தான். கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கும் கடிதமும் எழுதக் கப்பலேறி வந்த ஆங்கிலேயப் பையன்கள். இலக்கியத்துக்கும் இந்தக் கட்டடத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

1777இல் தாமஸ் லயன் வடிவமைத்து, 1780இல் கட்டி முடித்தபோது இது நீண்டு கிடந்த வெறும் கொட்டடி. (லயன் பெயர் பின்புறத் தெருவில் இருக்கிறது. கல்கத்தா பங்குச் சந்தையின் முகவரி, லயன்ஸ் ரேஞ்ச்.) இன்று அஞ்சலட்டைகளில் பார்க்கிற கம்பீரம் சுமார் நூறு ஆண்டுகள் கழித்து ஒட்டவைத்தது. வங்காள அரசின் தலைமைச் செயலகமான பிறகு செங்கல் சிவப்பில் புது முகப்பு வந்தது, தூண்கள் வந்தன, உச்சியில் ரோமானியத் தேவதை மினர்வா ஏறி நின்றாள். நீதி, வணிகம், அறிவியல், வேளாண்மை என்று துணைக்குச் சிலைக் கூட்டங்கள் வேறு. குமாஸ்தாக்களின் விடுதிக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

1930 டிசம்பர் 8 அன்று கோட்டும் சூட்டும் அணிந்த மூன்று இளைஞர்கள் உள்ளே நுழைந்தார்கள். பினய்க்கு வயது 22, தினேஷுக்கு 19, பாதலுக்கு 18. அரசியல் கைதிகளை வதைத்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட சிறைத்துறை ஐ.ஜி. சிம்ப்சனைச் சுட்டுக் கொன்றார்கள். நீண்ட தாழ்வாரமே போர்க்களமானது. பாதல் சயனைடு விழுங்கினார். தன்னையே சுட்டுக்கொண்ட பினய் ஐந்து நாளில் மருத்துவமனையில் இறந்தார். பிழைத்த தினேஷை 1931இல் தூக்கிலிட்டார்கள். டல்ஹவுசி சதுக்கம் பின்னாளில் பி.பா.தி. பாக் ஆனது இந்த மூவரின் பெயரால்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசு வீங்கியது, கட்டடமும் வீங்கியது. முற்றங்களை அடைத்துக்கொண்டு புதிய பிளாக்குகள் எழுந்தன. பி.சி. ராய் இங்கிருந்து ஆண்டார். ஜோதி பாசு 1977 முதல் 2000 வரை. 1993 ஜனவரியில் மம்தா பானர்ஜியைப் போலீஸ் இங்கிருந்து இழுத்து வெளியேற்றியது. அதே ஆண்டு ஜூலை 21இல் அவர் தலைமையில் ரைட்டர்ஸ் நோக்கிக் கிளம்பிய பேரணியில் துப்பாக்கிச் சூடு. 13 பேர் பலி. 2011 மே 20 அன்று ராஜ்பவனிலிருந்து நடந்தே வந்து, முதல்வராக உள்ளே நுழைந்தார்.

அந்த நாற்காலியைப் பிடிக்க அத்தனை பாடுபட்டவரே 2013 அக்டோபரில் கட்டடத்தைக் காலி செய்தது விசித்திரம். பழுதுபார்க்க வேண்டும் என்பது காரணம். ஹூக்ளிக்கு அக்கரையில், ஹௌராவில், ஆயத்த ஆடைத் தொழிலுக்காகக் கட்டிய 14 மாடிக் கட்டடம் 'நபன்னா' என்ற பெயரில் தலைமைச் செயலகமானது. ஆறு மாதம் என்றார்கள். 2023இல் பத்தாண்டு முடிந்தும் அரசு திரும்பவில்லை.

தீப்பிடித்தால் தப்ப வழியில்லாத நெரிசல் அது, பழுதுபார்க்க வேண்டியதுதான். ஆனால் முற்றத்தை மீட்பதற்காக இடிக்கத் திட்டமிட்டது நடுவில் முளைத்த பிளாக்குகளை. அவை அழகானவை அல்ல. மினர்வாவுக்குக் கிடைத்த பரிவு அவற்றுக்குக் கிடைக்காது. ஆனாலும் வெள்ளைக்காரன் முகப்பைக் காப்பாற்றுகிற ஆர்வத்தில், சுதந்திர வங்காளம் தனக்காகக் கட்டிக்கொண்ட பகுதியை அல்லவா முதலில் கழித்தார்கள்! குத்தகை விவசாயியின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றிய 'ஆபரேஷன் பர்கா'வை 1978இல் தொடங்கிய அரசு இயங்கியது இங்கிருந்துதான்.

எதிரே லால் திகி குளம். முன்னால் பினய், பாதல், தினேஷ் சிலைகள். வங்காளிகள் இந்தக் கட்டடத்துக்கு வைத்த பெயர் 'மகாகரண்'.