எந்தக் கார் உழைக்கும்?

கார் வாங்கப் புறப்பட்ட நண்பர் ஒருவர், நம்பகத்தன்மைக்குப் புள்ளியிடும் பட்டியல்களை விரித்துவைத்து என்னோடு வாதிட்டார். புள்ளி கூடிய காரே நெடுங்காலம் உழைக்கும் என்பது அவர் கட்சி.

எனக்கு நினைவில் வந்தது யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் ஏ-40. 1950களில் இங்கிலாந்தின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் பிறந்த அந்தக் கார், 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சிறிதளவு பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் ஓடியது. ஒஸ்ரின் என்ற பெயரில் புதிய கார்கள் வருவது அதற்கு முன்னரே நின்றுபோயிருந்தது. எளிய இயந்திரம், அதனைத் தாங்கி நின்றவை எங்கள் மெக்கானிக்குகளின் கைகள்.

அதன் தாய்வீடோ பிழைக்கவில்லை. 1905இல் ஹேர்பேர்ட் ஒஸ்ரின் தொடங்கிய அத்தொழிற்சாலையைப் பின்னாளில் நடத்திய எம்ஜி ரோவர் நிறுவனம் 2005 ஏப்ரலில் வீழ்ந்தது. ஏறத்தாழ 6,000 பேர் வேலையிழந்தனர். பழுதான காருக்கு உதிரிப்பாகத்தைக் கடைந்தெடுத்துவிடலாம். வேலையிழந்த குடும்பத்துக்கு எதைக் கடைந்தெடுப்பது?

இன்றைய கார்களோ மென்பொருளுக்கும் உற்பத்தியாளரையே நம்பியிருப்பவை. அவர் வீழ்ந்தால் கராஜ்காரர் கையைப் பிசையவேண்டியதுதான். ஆகவே நண்பரிடம் சொன்னேன்: "காரின் புள்ளிகளைப் பாருங்கள்; அதைச் செய்தவர் நிலைப்பாரா, திருத்தத் தெரிந்தவர் அருகில் உள்ளாரா என்பதையும் விசாரியுங்கள்."

நண்பர் பட்டியலை மடித்துவைத்தார். வாதம் இன்னும் முடியவில்லை.