பின்னிருக்கையின் பாரம்

இருவர் ஏறிச் செல்லும் மோட்டார் சைக்கிளில் முன்னிருப்பவன் பாதையைக் காண்கிறான். பின்னிருப்பவனோ முன்னிருப்பவனது முதுகையே காண்கிறான். மேடு வருவதை முன்னவன் அறிந்து உடலைத் திடப்படுத்திக்கொள்வான். பின்னவனுக்கோ அம்மேடு தன் முதுகெலும்பில் மோதிய பின்னரே தெரியும். எளிதிற் புலப்படும் இவ்வுண்மையை நாம் உணர்ந்துகொள்ள ஈராண்டுகள் சென்றன. அவ்வனுபவத்தை நம் கல்லூரிச் சஞ்சிகையின் வாயிலாக நண்பர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

நம்மிடம் ‘க்ரூஸர்’ என்னும் இனத்தைச் சேர்ந்த மோட்டார் சைக்கிள் ஒன்றுண்டு. தாழ்ந்த ஆசனமும், முன்னோக்கி வைக்கும் கால்களும், அகன்ற கைப்பிடியும் இவ்வினத்தின் இலக்கணம். பார்வைக்கு அரியாசனம் போன்றதே. ஆயினும் அதிலொரு குறையுண்டு. கால்கள் முன்னே நீண்டிருத்தலால், பள்ளம் வரும்போது அவற்றை ஊன்றி உடலைச் சற்றே உயர்த்துதல் எளிதன்று. ஆசனம் தாழ்ந்திருத்தற்பொருட்டுப் பின்சக்கரம் மேலுங் கீழும் அசைதற்குரிய இடமும் பெரும்பாலும் குறுக்கப்படுகிறது. ஆகவே அதிர்ச்சியின் பெரும்பகுதி முதுகையே சென்றடைகிறது.

மாதந்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் நம் தந்தையாரைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு, கிராமத்தில் வாழும் அத்தையைக் காணச் செல்வது நமது வழக்கம். உடன்பிறந்தோருள் எஞ்சியிருப்போர் அவ்விருவரே. அத்தைக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. சென்ற ஆண்டு கோடையில் தந்தையார், “வெயில் அதிகம், நீ மட்டும் போய் வா” என்றார். மழைக்காலம் வந்தும் அவ்வெயில் தணியவில்லை! ஒருநாள் தாயார் தனித்து நம்மிடம், “அந்த வண்டியில் போய்வந்தால் இரண்டு நாள் அவரால் குனிய முடியவில்லையடா, சொன்னால் நீ வருந்துவாய் என்று வெயிலின்மேல் பழி போடுகிறார்” என்றுரைத்தார். நாம் தலைகுனிந்தோம்.

மறுநாளே கடைக்கு ஓடினோம். மெக்கானிக்குகள் ‘ஷாக்’ என்றழைக்கும் அதிர்ச்சி தாங்கிகள் அங்கே பொன்னிறத்திலும் செந்நிறத்திலும் தொங்கின. அவற்றுள் விலையுயர்ந்ததும் நீளமானதுமாகிய ஒரு ஜோடியைத் தெரிந்தெடுத்து, நமக்குப் பழக்கமான முதிய மெக்கானிக் அண்ணாச்சியிடம் அதன் படத்தைக் காட்டினோம். அவர் படத்தைப் பார்க்கவில்லை. “தம்பி, உம்முடைய எடை என்ன? பின்னே ஏறுகிறவருடைய எடை என்ன?” என்று வினவினார். நமது எடை 72 கிலோ என்றோம்; தந்தையாரின் எடையோ நமக்குத் தெரியவில்லை. “அதைத் தெரிந்துகொண்டு அவரையும் அழைத்து வாரும்” என்று அனுப்பிவிட்டார். தந்தையாரின் எடை 64 கிலோ.

அண்ணாச்சி வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, பின்சக்கரம் தொங்கும் நிலையில் அச்சிற்கும் வாற்பகுதிக்கும் உள்ள உயரத்தை அளந்தார். பின் எங்களிருவரையும் ஏற்றி மீண்டும் அளந்தார். சக்கரத்திற்குரிய அசைவு 100 மில்லிமீட்டர். அதில் 58 மில்லிமீட்டர் எங்கள் பாரத்திலேயே அமிழ்ந்துபோயிற்று. “ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு அமிழ்ந்தாற் போதும். பாதிக்குமேல் இங்கேயே செலவழிந்தால் பள்ளத்திற்கு என்ன மிச்சமிருக்கும்?” என்றார். இரவில் நம் முகப்பு விளக்கு சாலையை விட்டு மரக்கிளைகளைக் காட்டியதன் காரணமும் அப்பொழுதே விளங்கிற்று.

ஷாக்கின் அடியிலுள்ள வளையத்தை ஐந்து படிகளில் திருப்பலாம். ஆனால் அது வண்டியை உயர்த்துமேயன்றி வில்லை வலியதாக்காது. எடையைத் தாங்குவது சுருள்வில். வில்லின் துள்ளலை அடக்குவது சிறு துளைகளின் வழியே நெருக்குண்டு செல்லும் எண்ணெய். நம் வண்டியின் வாற்பகுதியை அவர் அழுத்திவிட, அது ஒருமுறை எழுந்து அடங்காமல் மும்முறை துள்ளிற்று. எண்ணெய் கசிந்து தீர்ந்திருந்தது. நாம் விரும்பிய நீண்ட ஷாக்கைப் பூட்டினால் பின்புறம் உயர்ந்து, முன் போர்க்கின் சாய்வு குறைந்து, நேரே செல்லும் உறுதியும் குன்றும் என்று தடுத்தார். பழைய நீளமே உடையனவாய், எங்கள் எடைக்கேற்ற வில் அமைந்தனவாய், விலை குறைந்த வேறொரு ஜோடியைப் பூட்டினார். முன் போர்க்கின் பழைய எண்ணெயையும் மாற்றினார். மீண்டும் அளந்தபோது 34 மில்லிமீட்டரே அமிழ்ந்தது.

இக்கலையின் சரித்திரமும் நமக்கு ஒரு பாடமாயிற்று. எண்ணெயால் அதிர்வடக்கும் குழாய்ப் போர்க்கை ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் 1935-ஆம் ஆண்டிலேயே தங்கள் ஆர்12 வண்டியில் அமைத்தனர். அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் கம்பெனியார் 1949-இல் ‘ஹைட்ரா கிளைடு’ வண்டியின் முன்சக்கரத்திற்கு அத்தகைய போர்க்கைத் தந்தனர். அவ்வரிசைப் பெருவண்டிகளின் பின்சக்கரமோ, 1958-இல் ‘டூயோ கிளைடு’ வரும்வரை வில்லின்றியே உருண்டது. முன்னுக்கு வந்த சுகம் பின்னுக்கு வர ஒன்பது ஆண்டுகள்! நாமும் அவ்வாறே முன்னிருந்து நம் சுகத்தையே எண்ணினோம்.

அடுத்த ஞாயிறன்று தந்தையார் தயங்கியே ஏறினார். அத்தையின் வாசலில் இறங்கியபோது அவரது கை இடுப்பைத் தேடவில்லை. அத்தை அவரைக் கண்டதும், “இத்தனை மாதமாய் எங்கேயடா போனாய்?” என்று அழுதார். தந்தையார் வெயிலைப் பற்றி ஒன்றுங் கூறவில்லை.

நிற்க. புதிய வில் பழைய நோவை முற்றும் தீர்த்துவிட்டதென்று நாம் கூறமாட்டோம். இப்பொழுது ஒவ்வொரு வேகத்தடைக்கு முன்னும் வேகத்தைத் தணித்து, “அப்பா, மேடு” என்று உரக்கச் சொல்லுகிறோம். அவரும் நம் தோளைப் பற்றிக்கொள்கிறார். இதற்குக் காசு ஒன்றும் செலவில்லை. ஈராண்டுகளுக்கு முன்பே செய்திருக்கலாம்.

நண்பர்காள்! உங்கள் வண்டிக்குப் புதிய உறுப்பு வாங்கப் புறப்படுமுன், பின்னே அமர்பவரின் எடையைக் கேட்டறியுங்கள். அவர் தம் நோவைத் தாமே வாய்விட்டுச் சொல்லுவாரென்று காத்திராதீர்கள்.