குனிந்து பார்த்தவர்

மைசூருக்குப் போகிறவர்கள் அரண்மனையைப் பார்க்கிறார்கள். சாமுண்டி மலைக்குப் போகிறார்கள். மாலையில் பிருந்தாவனத்து நீரூற்றுகளை வேடிக்கை பார்த்துவிட்டு, மைசூர்பாகும் பட்டும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். "ரயில்வே மியூசியம் பார்த்தீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள், பலர் விழிப்பார்கள். இத்தனைக்கும் அது ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1979-ல் ஏற்பட்டது. பெரிய இடமில்லை. மரநிழலில் சில எஞ்சின்கள், சில பெட்டிகள், குழந்தைகள் ஏறிச் சுற்றிவர ஒரு குட்டி ரயில். அவசரமில்லாமல் ஒரு காலைப் பொழுதைக் கழிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அங்கே எல்லாரையும் இழுப்பது மகாராணியின் ஸலூன் வண்டி. சமையலறை, சாப்பிடும் இடம், குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "நாம குடியிருந்த முதல் வீட்டைவிட இது தேவலை போலிருக்கே!" என்றாள். மறுக்க முடியவில்லை.

இன்னொரு வேடிக்கை, ஆஸ்டின் கார் ஒன்று. ரோட்டில் ஓடிக்கொண்டிருந்த அதற்கு ரயில் சக்கரம் மாட்டி, தண்டவாளத்தைச் சோதனை பார்க்கப் போகும் வாகனமாக்கிவிட்டார்கள். ரிடையரானபின் வேறு உத்தியோகம் தேடிக்கொண்டவரைப் போல அது நிற்கிறது.

இப்படி எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெரியவர் மட்டும் ஸலூனுக்கு அடியில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டி, அரைக்கைச் சட்டை. காசு எதையாவது தவறவிட்டாரோ என்று நினைத்து அருகில் போனேன்.

"என்ன பெரியவரே, தேடுறீங்களா?"

"தேடலை சார். தண்டவாளத்தைப் பார்க்கிறேன். ஜோலார்பேட்டைப் பக்கம் கீமேனா இருந்தவன். எங்கே போனாலும் கண்ணு கீழேதான் போகுது."

தமிழ்க் குரல் கேட்ட சந்தோஷத்தில் இருவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். கீமேனின் வேலையை அவர் விவரித்தார். சுத்தியல், ஸ்பானர், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, ஆபத்துக் காலத்தில் தண்டவாளத்தின்மேல் வைக்கும் வெடி, இத்தனையும் சுமந்துகொண்டு தம் பகுதி முழுவதும் தினம் நடக்கவேண்டும். கழன்ற ஆப்பை அடித்து இறுக்கவேண்டும், போல்ட்டை முடுக்கவேண்டும், தண்டவாளத்தில் விரிசல் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும்.

"மழையில, வளைவுல, பின்னாடி வர்ற வண்டிச் சத்தம் காதுல விழாது சார். என்கூட இருந்தவன் ஒருத்தன் அப்படித்தான் போனான். அவன் சுத்தியலை நான்தான் எடுத்துக்கிட்டு வந்தேன்."

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. குட்டி ரயில் கூவிக்கொண்டு எங்களைக் கடந்து போயிற்று.

பெரியவர் சொன்னதைக் கேட்டபிறகு எனக்கு அந்த ஊருக்கு ரயில் வந்த கதையே வேறு விதமாகத் தோன்றியது. 1876-லிருந்து 1878 வரை தென்னாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பருவ மழை பொய்த்தது, கால்நடைகள் மடிந்தன, பிறகு மனிதர்கள். 1871-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் மைசூர் சமஸ்தானத்தில் சுமார் 50 லட்சம் பேர் இருந்தார்கள். 1881-ல் எண்ணியபோது 42 லட்சத்துக்கும் குறைவு. பத்து வருஷத்தில் பெருகவேண்டிய ஜனத்தொகை, இருந்ததிலிருந்தே எட்டு லட்சத்துக்குமேல் குறைந்திருந்தது.

அந்தப் பஞ்சத்தில் பிழைத்துக் கிடந்தவர்களுக்குக் கூலி கொடுப்பதற்காகத் தொடங்கிய வேலைகளில் ஒன்றுதான் பெங்களூர்-மைசூர் ரயில் பாதை. பசியால் வாடிய ஜனங்கள் மண் வெட்டி, கூடையில் சுமந்து கரை கட்டினார்கள். 1882-ல் பாதை முழுவதும் திறக்கப்பட்டது. சுமார் 138 கிலோமீட்டர். மகாராஜாவும் மகாராணியும் ஸலூனில் பவனி வந்ததெல்லாம் அதற்குப் பின்பு.

அந்த மீட்டர் கேஜ் பாதையும் போய், இப்போது அகலப் பாதை வந்துவிட்டது. மெத்தை போட்ட வண்டியில் ஏறினவர்கள் சிலர்தான். அதனால் அது தேயாமல் மிஞ்சியது. கூடையும் மண்வெட்டியும் பல கைகள் பட்டுத் தேய்ந்து, ஒடிந்து, குப்பைக்குப் போயின. மிஞ்சியதைத்தானே மியூசியத்தில் வைக்க முடியும்? அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

ஆனாலும் எனக்கு ஓர் ஆசை. மகாராணியின் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு மண்கூடையையும், கீமேன் ஒருவர் தோளில் சுமந்த சுத்தியலையும் கொண்டுவந்து வைக்கலாம். மகாராணிக்கு மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.