தண்டையலும் பூங்குழலியும்

‘பொன்னியின் செல்வ’னில் எங்கள் தொண்டைமானாறு வருகுது என்று முதலில் சொன்னவ, எழுத்துக்கூட்டவே தெரியாத பெரியம்மா. வெள்ளிக்கிழமை செல்வச் சந்நிதிக்குப் போனவ, அங்கே மடத்தடியில் யாரோ கதைத்ததைக் காதில் வாங்கிக்கொண்டு வந்து, கால் கழுவ முன்னமே அம்மாவிடம் சொல்லிப்போட்டா. அம்மாவுக்குப் புளுகத்தை விட எரிச்சல்தான் கூட. அந்தக் கிழமைக் ‘கல்கி’ எங்கள் முறைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஒரு பிரதிதான். ஒழுங்கையில் உள்ள வீடுகள் காசு சேர்த்து எடுத்தது. சென்னையில் அச்சாகி, கடல் தாண்டி, கட்டாகப் பருத்தித்துறைக்கு வந்து, பஸ்ஸில் ஏறி எங்களிடம் வர நாட்கள் செல்லும். வந்ததும் வீடு வீடாய்ச் சுற்றும். எங்கள் முறை வரும் இரவு அம்மா விறாந்தையில் அரிக்கன் லாம்பைக் கொளுத்தி வைத்துவிட்டு உரக்க வாசிப்பா. வாசிக்கத் தெரிந்தவர்களும் வந்து குந்தியிருந்து கேட்பார்கள். அம்மா ஆழ்வார்க்கடியானுக்கு ஒரு குரல், நந்தினிக்கு ஒரு குரல் வைத்திருந்தா. நந்தினி பேசும்போது அப்பு வெற்றிலைத் தட்டத்தைத் தள்ளி வைத்துவிடுவார்.

1950 ஒக்டோபர் 29ஆம் திகதி தொடங்கிய கதை 1954 மே 16இல்தான் முடிந்தது. கதைக்குள்ளே கழிவது சில மாதங்கள். எங்களுக்கு மூன்றரை வருடம். அந்தக் காலத்துக்குள் ஒழுங்கையில் கலியாணங்கள் நடந்தன, செத்தவீடும் நடந்தது, 1953 ஹர்த்தாலும் வந்து போனது. வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வந்தபோது அம்மாவின் மடியில் படுத்துக் கேட்ட நான், கடம்பூர் மாளிகை எரிந்தபோது அவவுக்குத் தெரியாமல் முந்தி வாசித்து முடித்துவிட்டுப் பேசாமல் இருக்கப் பழகியிருந்தேன்.

வந்து கேட்பவர்களில் ஒருவர் வல்வெட்டித்துறைத் தண்டையல். பாய்க்கப்பலோட்டி ஓய்ந்தவர். 1938இல் ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போனதே, அதைக் கட்டிய ஊர்க்காரர். அவருக்குப் பூங்குழலி மேல் ஒரு தீராத வழக்கு இருந்தது.

“உவள் பெட்டை கோடிக்கரையாலை என்னத்திலை வந்தவள்?”

“படகிலை அண்ணை.”

“பாயோ, துடுப்போ?”

“துடுப்பு.”

“ஆடி ஆவணியிலை சோளகம் எப்பிடி நிக்கும் எண்டு தெரியுமே பிள்ளை? ஒரு இரவு வலிச்சாளெண்டால் அவளுக்கு அந்தமானிலைதான் விடியும்.”

சொல்லிவிட்டு ஒரு நிமிடம் முற்றத்தைப் பார்ப்பார். பிறகு, “சரி, மேலை வாசி” என்பார். ஒரு நாள் இதைக் கல்கிக்கே எழுதிவிடவேண்டும் என்று பிடிவாதமாய் நின்று, காற்றின் கணக்கையும் நீரோட்டத்தையும் வரி வரியாகச் சொல்ல, அம்மா கொப்பி ஒற்றையில் எழுதினா. தபாலில் போட்டாவோ என்று நான் கேட்டதில்லை. போட்டிருக்கமாட்டா என்றுதான் நினைக்கிறேன். பூங்குழலி மேல் அவவுக்கு அவ்வளவு பட்சம்.

தொண்டைமானாறு வந்த கிழமை வேறொரு வழக்குக் கிளம்பியது. இளவரசரைச் சிறைப்பிடிக்க வந்த கப்பல்கள் அந்த முகத்துவாரத்தில் நிற்க, அருள்மொழிவர்மர் யானையேறி அங்கே வருகிறார். விறாந்தை முழுக்க ஒரே சந்தோசம். தமிழ் வாத்தியார் மட்டும் தலையாட்டவில்லை. கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றுவதற்காக வெட்டுவித்த ஆறு அது என்பது ஊர் மரபு. அவன் முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன், கலிங்கத்துப் பரணி பாடும் வீரன். குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்ததே 1070இல். அருள்மொழி இளவரசராய் இருந்த காலத்துக்கு ஒரு நூற்றாண்டு பிந்தி. “அப்ப அந்தப் பேரே இல்லை. ஆறே இல்லை” என்றார் வாத்தியார்.

பெரியம்மா விடவில்லை. “ஆறில்லையெண்டால் கப்பல் எங்கையப்பா நிண்டது?”

அதற்கு வாத்தியாரிடம் பதில் இல்லை.

அவரிடம் வேறொரு சரக்கு இருந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று நாங்கள் அடிபட்டுக்கொண்டிருந்த நாட்களில், காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டைப் பற்றி அவர்தான் சொன்னார். இராசராசன் பட்டமேறிய தொடக்கத்தில் வெட்டுவித்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற பேர்களைச் சொல்லி, அவர்களினதும் உறவினரதும் நிலத்தைப் பறித்த செய்தி அதில் இருக்கிறது. பேர் இருக்கிறது, காரணம் இல்லை. இடையில் ஆண்ட உத்தம சோழர் காலத்தில் இவர்களுக்குத் தண்டனை நடந்த தடயமும் இல்லை. நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழர் மேலேயே ஐயப்பட்டார். கல்கி அந்த இடைவெளிக்குள்தான் வீடு கட்டினார். மந்திரவாதி ரவிதாசன் கற்பனையில்லை, கல்லில் இருக்கிற ஆள் என்று கேட்ட இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

கொலை நடந்த அத்தியாயத்தில் விளக்கு அணைந்துவிடுகிறது. நந்தினியா, பாண்டிய ஆபத்துதவிகளா, பெரிய பழுவேட்டரையரா? அம்மா நந்தினியைக் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. அப்பு அவளைத் தவிர வேறு யாரையும் நினைக்கவேயில்லை. இதனால் வீட்டில் இரண்டு நாள் கதைபேச்சில்லாமலும் இருந்தது. இப்போது நினைக்கிறபோது, அந்தக் கதையில் பாதியைக் கல்கி எழுதினார், மீதியை ஒரு இதழுக்கும் அடுத்த இதழுக்கும் இடைப்பட்ட நாட்களில் கிணற்றடியிலும் சந்தையிலும் நாங்கள் எழுதினோம் என்றே படுகிறது. கொலையாளியைத் தெளிவாகக் காட்டியிருந்தால் அந்த மீதி இருந்திராது.

கதை முடிந்தபோது திருப்திப்படாதவர்கள் நாங்கள் மட்டுமல்லர் போலும். கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதி, கதை மாந்தர்களுக்குப் பிறகு என்ன நடந்தது என்று வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அந்த முடிவுரையையும் அம்மா உரக்கத்தான் வாசித்தா. சோளகத்தைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. தண்டையல் கடைசி வரி மட்டும் காதைக் கொடுத்திருந்துவிட்டு, “மனுசன் கடலுக்குப் போகாதவர்” என்று சால்வையை உதறிக்கொண்டு எழும்பினார். அதே வருடம் டிசெம்பர் 5ஆம் திகதி கல்கி காலமானார். தண்டையல் அதன் பிறகு பூங்குழலியைப் பற்றி வாய் திறந்ததேயில்லை.

பிறகு விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ என்று அந்தக் கதையைத் தொடர்ந்தார். வாசித்தோம், ஆனால் விறாந்தை கூடவில்லை. சலூன் தொழிலாளியாய் இருந்து 1966இல் யாழ்ப்பாணத்தில் ‘மல்லிகை’யைத் தொடங்கிய டொமினிக் ஜீவாவும் அவர் கூட்டாளிகளும், தமிழ்நாட்டு வணிகச் சஞ்சிகைகள் எங்கள் எழுத்தை அமுக்குகின்றன என்றார்கள். நியாயம்தான். எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது வீரகேசரிப் பிரசுரங்கள் எழும்பின, செங்கை ஆழியானை ஊரே வாசித்தது. ஆனால் வாசிக்கிற பழக்கத்தை அந்த வீடுகளுக்குள் கொண்டுவந்து வைத்தது யார் என்று கேட்டால், நான் அரிக்கன் லாம்பைத்தான் காட்டுவேன்.

கதைப் பக்கங்களை அம்மா கிழமைக்குக் கிழமை வெட்டி, கஞ்சிப் பசையும் சணல் நூலும் கொண்டு ஐந்து பாகங்களாகக் கட்டி வைத்திருந்தா. மணியத்தின் படங்கள் அப்படியே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து 97,000 நூல்கள் சாம்பலானபோது, “நல்லகாலம், எங்கடை பெட்டகத்திலை கிடக்கு” என்று சொன்னா. 1987 மே மாதம் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்க, நாங்கள் வீட்டை விட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது பெட்டகம் கிடந்தது, உள்ளே ஒன்றுமில்லை.

பொன்னியின் செல்வனுக்கு இப்போது பஞ்சமில்லை. தமிழ்நாட்டரசு கல்கியின் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கிய பிறகு யாரும் அச்சடிக்கலாம். ரொறன்ரோவில் உள்ள பேர்த்தி தொலைபேசியிலேயே வாசித்து முடித்துவிட்டு, மணிரத்னம் 2023இல் காட்டிய முடிவு சரியோ என்று என்னோடு வாதாடுகிறாள். எனக்கு வேண்டியது அந்தக் கட்டிய புத்தகம். அதில் அத்தியாயம் முடியும் பக்கத்தின் பின்புறத்தில் வேறு ஏதாவது இருக்கும்: பாதி விளம்பரம், பாதிக் கட்டுரை. இரண்டாம் பாகத்தில் ஓரிடத்தில் ஒரு சிறுகதையின் முதற் பக்கம் மாட்டுப்பட்டிருந்தது. மழை இரவில் ஒரு சின்ன ஸ்டேஷனில் ஒருத்தி தகரப் பெட்டியோடு ரயிலால் இறங்குகிறாள், கூட்டிப்போக வரவேண்டிய ஆளைக் காணவில்லை. மிச்சத்தை அம்மா வெட்டி எறிந்துவிட்டா. ஆதித்த கரிகாலன் விசயத்தில் எனக்கு ஒரு முடிவு உண்டு, அதைப் பேர்த்திக்கும் சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணைக் கூட்டிப்போக யாரும் வந்தார்களோ இல்லையோ என்றுதான் தெரியவில்லை.