முதுமலையிலிருந்து கோழிக்கோட்டுக் கடற்கரை வரை

நம் ஆட்கள் ஊர்விட்டு ஊர் போகாதவர்கள் அல்ல. செங்கல் சூளைக்குப் போயிருக்கிறார்கள், கரும்பு வெட்டப் போயிருக்கிறார்கள், திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கூடலூர் தேயிலைத் தோட்டத்துக்கும் போயிருக்கிறார்கள். எல்லாம் பிழைப்புக்காக. சும்மா பார்த்துவிட்டு வருவதற்காக ஓர் ஊருக்குப் போகிறோம் என்பதை வீட்டில் புரியவைப்பதுதான் பெரும்பாடு. எங்களில் ஒருத்தியின் அம்மா, "அங்க உனக்கு யாரு இருக்கா?" என்று மூன்று நாள் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நாங்கள் ஐந்து பேர். மூன்று பெண்கள், இரண்டு ஆண்கள். தலைக்கு 2,500 ரூபாய், நான்கு நாள், அரசுப் பேருந்து. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி மசினகுடி, தெப்பக்காடு. அங்கிருந்து பந்திப்பூர் காட்டுக்குள் புகுந்து குண்டுலுபேட்டை, முத்தங்கா, சுல்தான் பத்தேரி, கடைசியில் கோழிக்கோடு. மூன்று மாநிலம், மூன்று காடு, ஒரு கடல்.

மசினகுடியில் ஒரு விடுதி. ஆதாரை வாங்கிப் பார்த்தவர், "ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார். இந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எங்களில் ஒருவன் குரலை ஏற்றாமல், "காலனிங்கண்ணா" என்றான். ஐந்து நிமிடம் முன்பு காலியாக இருந்த அறைக்கு அப்போதுதான் யாரோ போன் போட்டுப் பதிந்திருந்தார்களாம். இருட்டத் தொடங்கியிருந்தது. அது யானை நடமாடும் ஊர். தெருமுனை டீக்கடை அக்கா எதையும் விசாரிக்காமல் கடைக்கு மேலிருந்த அறையை 800 ரூபாய்க்குத் திறந்துவிட்டார். அன்று இரவு வெகுநேரம் பேசினோம். வேறு பதில் சொல்லியிருக்கலாமே என்று ஒருத்தி கேட்டாள். பொய் சொல்லிப் படுக்கிற இடத்தில் தூக்கம் வருமா என்று இன்னொருத்தி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது தோழர்களே. பெண்களோடு போகிறபோது இருட்டும் முன் போய்ச் சேருங்கள், முடிந்தால் அந்த ஊர்த் தோழர் ஒருவரின் எண்ணைக் கையில் வைத்திருங்கள் என்பது மட்டும்தான் நாங்கள் சொல்லக்கூடியது.

முதுமலை 1940இல் சரணாலயமானது. அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே குறும்பர், இருளர், காட்டுநாயக்கர், பணியர் அங்கே இருக்கிறார்கள். தெப்பக்காட்டு யானைகளை வளர்த்த பொம்மன், பெள்ளி இணையரைப் பற்றிய ஆவணப்படம் 2023இல் ஆஸ்கர் வாங்கியதும் ஊரே படமெடுக்க ஓடியது. வனத்துறை வண்டியில் போனபோது புலி தெரியவில்லை. மானும் மயிலும் நிறைய.

பந்திப்பூர் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை, 2009லிருந்து. அதனால் நேரத்தைக் கணக்குப் போட்டுக் கிளம்புங்கள். கர்நாடகப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்று நம்பி ஏறவும் வேண்டாம். அது அந்த மாநிலப் பெண்களுக்கு மட்டும். எங்கள் மூவருக்கும் டிக்கெட் கிழித்தார் நடத்துநர்.

முத்தங்காவில் இறங்கவேண்டும் என்பது புறப்படும் முன்பே முடிவானது. 2001இல் சி.கே. ஜானு தலைமையில் ஆதிவாசிகள் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் குடிசை போட்டு 48 நாள் போராடினார்கள். நிலம் தருவதாக அரசு ஒப்புக்கொண்டது. தரவில்லை. 2003 ஜனவரியில் ஜானுவும் கீதானந்தனும் முன்னிற்க, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இந்தக் காட்டுக்குள் புகுந்து குடிசை போட்டன. பிப்ரவரி 19 அன்று போலீஸ் சுட்டது. ஜோகி என்ற ஆதிவாசி செத்தார். ஒரு காவலரும் இறந்தார். குழந்தைகளும் பெண்களும் அடி வாங்கிச் சிறைக்குப் போனார்கள்.

நாங்கள் போன காலையில் ஜீப் சஃபாரிக்கு நீண்ட வரிசை. காசு கட்டினால் காட்டுக்குள் போகலாம். வரிசையில் நின்ற பையன்கள் சிலரிடம் ஜோகியைத் தெரியுமா என்று கேட்டோம், தெரியவில்லை. எங்களுக்கு அந்த டிக்கெட் வாங்க மனம் வரவில்லை. சாலையோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த பஸ் ஏறினோம். (வாங்கிப் போயிருக்கலாம், உள்ளே அந்த இடத்தைப் பார்த்திருக்கலாம் என்று எங்களில் இருவர் இன்னமும் சண்டை போடுகிறார்கள்.)

லக்கிடியில் சங்கிலி கட்டிய ஒரு மரம் இருக்கிறது. மலையிறங்கும் வழியை வெள்ளைக்காரப் பொறியாளருக்குக் காட்டிய பணியர் கரிந்தண்டனை, கண்டுபிடித்த பேர் தனக்கே வேண்டுமென்று அவன் கொன்றுவிட்டானாம். கரிந்தண்டனின் ஆவி வழிப்போக்கர்களைத் தொந்தரவு செய்ததால் மரத்தில் சங்கிலியால் கட்டினார்கள் என்பது கதை. வழி சொன்னவனைக் கொன்றார்கள், செத்த பிறகும் சங்கிலி போட்டார்கள். பணியர்களிடையே இது வெறும் பேய்க்கதை இல்லை. மரத்தடியில் ஒரு குடும்பம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. நாங்களும் எடுத்தோம்.

தாமரச்சேரி சுரத்தின் ஒன்பது வளைவுகளையும் இறங்கிக் கோழிக்கோடு சேரும்போது சாயங்காலம். கடற்கரைக்கு டிக்கெட் இல்லை, வாசல் இல்லை. தள்ளுவண்டிகளில் உப்பிலிட்ட நெல்லிக்காய், அன்னாசி, மாங்காய். பக்கத்தில் கல்லும்மக்காய் பொரிக்கிற வாசம். ஊர்க் குளத்தில் கால் நனைக்க விடாத தெருவில் வளர்ந்தவள் எங்களில் ஒருத்தி. சுடிதாரோடு இடுப்பளவு தண்ணீருக்குள் போய், கூப்பிடக் கூப்பிட வராமல் நின்றாள். மாற்றுத்துணி எல்லாம் அழுக்கு. ஈரத்தோடே உட்கார்ந்து கல்லும்மக்காய் தின்றாள்.

மிச்சமிருந்த பணத்தை மணலில் வைத்து எண்ணினோம். ஐந்து பேருக்கும் சேர்த்து 640 ரூபாய். கோவைக்கு ரயிலில் முன்பதிவில்லாப் பெட்டிக்குப் போதும், இன்னொரு தட்டு கல்லும்மக்காய்க்கும் போதும்.